வானுக்குள் 230 வோல்ற்

நயினாதீவுக்கு வான் போகாது. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவுத் தாம்போதி எல்லாம் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறையில் நிறுத்திவிட்டுப் படகு ஏறவேண்டும். பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்ட ஹையேஸ் என்றால் இரவு தங்க அதுவே வீடு. ஃபான் வேண்டும், போன் சார்ஜ் ஏறவேண்டும். அப்போதுதான் இன்வேட்டர் ஞாபகம் வரும்.

இன்வேட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பற்றரியின் 12 வோல்ற் நேரோட்டத்தை வீட்டுப் பிளக்குக்குரிய 230 வோல்ற் ஆடலோட்டமாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். பலர் கோட்டை விடுவது வயரில். 1,500 வாற்ஸ் கேத்தில் வீட்டில் ஆறரை அம்பியர்தான் இழுக்கும். அதே கேத்திலுக்கு 12 வோல்ற் பக்கம் 125 அம்பியர் வேண்டும். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 140ஐத் தொடும். அதற்குச் சுண்டுவிரல் மொத்தத்தில் செப்புக் கேபிள் தேவை, அதுவும் மூன்று நான்கு அடிக்குள். ஆகவே இன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் பூட்டி, 230 வோல்ற் வயரைத்தான் நீட்டவேண்டும். பியூஸ் பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்; கேபிள் உராய்ந்து பொடியில் முட்டினால் தீயைத் தடுப்பது அது ஒன்றுதான். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன இன்வேட்டர் போனுக்கும் மடிக்கணினிக்கும் போதும். அதற்கு மேல் கேட்டால் பியூஸ் போய்விடும்.

அடுத்தது இருப்புக் கணக்கு. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் இருப்பது 1.2 யூனிற். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையில் உள்ளது 0.6 யூனிற். 50 வாற்ஸ் ஃபான் விடியும்வரை சுற்றும். கேத்தில் அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பற்றரியில் இந்த விளையாட்டு வேண்டாம். காலையில் வானைத் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

இதே கணக்கைத்தான் தீவுகளும் போடுகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இங்கே சூரிய, காற்று மின் நிலையங்களை அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது, வேலை நின்றது. பிறகு இந்தியாவே ஏறத்தாழ 1.1 கோடி டொலர் நன்கொடை தர முன்வந்து, 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியன் 1,700 கிலோவாற், காற்று 530, பற்றரி இருப்பு 2,400 யூனிற். நமது வான் பற்றரிகளில் 2,000ஐ அடுக்கியதற்குச் சமம். அத்தனைக்கும் மேலே 2,500 கிலோவாற் டீசல் மின்பிறப்பாக்கிகளையும் துணைக்குத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

வாங்கும்போது 'பியூர் சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சதுர அலை இன்வேட்டரில் ஃபான் உறுமும், மோட்டார் சூடேறும். பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், எஞ்சினடியில் அல்ல. கடற்கரையோரம் நிற்கும் வானில் முனைகளில் பச்சை பூத்துவிடும். சுரண்டித் துடைத்து, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். ஒன்றும் செருகாவிட்டாலும் இன்வேட்டர் கொஞ்சம் குடித்துக்கொண்டேயிருக்கும். படகு ஏறப் போகுமுன் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போங்கள்.