பழைய கணினி ஏன் கைவிடப்படுகிறது?

நம் பதுளை மாவட்டத்தில் பல வீடுகளில் தூசு படிந்த கணினி ஒன்று மூலையில் கிடக்கிறது. "இனி இது சரிவராது, புதிசு எடுங்க" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். உள்ளே ஏதும் எரிந்து போயிருந்தால் அது சரிதான். ஆனால் சில வேளைகளில் இயந்திரம் நன்றாகவே இருக்கும்; அதற்குத் தேவையான ஒரு மென்பொருளைப் புதுப்பிப்பதைத்தான் நிறுவனம் நிறுத்தியிருக்கும். அந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நான், இதைப் பற்றி அறிந்ததைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

திரையில் தெரியும் படங்களை விரைவாக வரைவதற்கென்றே கணினியில் கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள் என ஒவ்வொரு நிறுவனத்தின் சிப்புக்கும் கட்டளை மொழி வேறு. நாம் பயன்படுத்தும் செயலிகளோ ஓப்பன்ஜிஎல், வல்கன் போன்ற பொது மொழிகளில் பேசுகின்றன. இடையில் நின்று மொழிபெயர்ப்பதே டிரைவரின் வேலை. அதன் மூலநிரலை நிறுவனம் பூட்டி வைத்திருந்தால், நிறுவனம் கைவிடும் நாளில் சிப்பும் ஊமையாகிவிடும். மூலநிரல் திறந்திருந்தால், தெரிந்த எவரும் அதைத் திருத்தி இன்னோர் இயந்திரத்துக்குக் கொண்டு போகலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மெசா. பிரையன் போல் என்பவர் 1993இல் தொடங்கிய இந்தத் திறந்த மென்பொருளின் முதல் வெளியீடு 1995இல் வந்தது. இன்று லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் இதைக் கொண்டே படம் வரைகின்றன. அண்ட்ராய்ட், விண்டோஸ், ஹைக்கூ ஆகிய தளங்களுக்கும் இதைக் கட்டியெடுக்க முடியும்.

ஒரே மென்பொருள் இத்தனை இடங்களுக்கு எப்படிப் போகிறது? எல்ல ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கடைகளை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்யன், சீனம், ஹீப்ரு என ஐந்து மொழிக்காரர் வருகிறார்கள். கடைக்காரர் பேசுவது தமிழ் அல்லது சிங்களம். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பத்துப் பேர் தேவை. எல்லாரும் ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டால் ஏழு பேர் போதும். மெசாவுக்குள்ளும் அப்படியொரு நடுமொழி உண்டு. அதன் பெயர் நிர். செயலியின் கட்டளை முதலில் நிர் மொழிக்கு மாறும். பிறகு சிப்பின் மொழிக்கு மாறும். புதிய சிப் வந்தால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதினால் போதும்.

இந்த வசதியைப் பயன்படுத்திக் காட்டியவர் அலிசா ரோசன்சுவைக். மாணவியாக இருக்கும்போதே, கைத்தொலைபேசிகளில் உள்ள மாலி சிப்புகளுக்கான பேன்ஃபுரொஸ்ட் டிரைவரை உருவாக்கினார். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 கணினி வெளிவந்தது. அதன் கிராபிக்ஸ் சிப்புக்கு லினக்ஸ் டிரைவரும் இல்லை, வெளிப்படையான கையேடும் இல்லை. படத்தில் ஒரு சிறு மாற்றம் செய்வது, சிப்புக்குப் போகும் தரவில் எது மாறுகிறது என்று கவனிப்பது. இப்படியே அதன் மொழியை அவர் படித்தறிந்தார். 2021 ஜனவரியில் அவருடைய திறந்த நிரல் ஒரு முக்கோணத்தை வரைந்தது. 2023 ஓகஸ்டில், அவரும் அசாஹி லினக்ஸ் குழுவினரும் ஆக்கிய டிரைவர் ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் 3.1 தரச்சான்றைப் பெற்றது.

மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவதைக் கட்டுதல் என்கிறோம். எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியில் நானும் மெசாவைக் கட்டிப் பார்த்தேன். எந்தத் தளம், எந்தச் சிப் என்று மெசொன் என்ற கருவியிடம் முதலில் சொல்ல வேண்டும். பிறகு நிஞ்சா என்ற கருவி ஆயிரக்கணக்கான கோப்புகளை மாற்றித் தரும். எல்லா டிரைவர்களையும் கேட்டால் பழைய இயந்திரம் திணறிப்போகும்; நமக்குத் தேவையானதை மட்டும் தெரிவு செய்வதே நல்லது. வேகமான கணினியில் இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்காகக் கட்டவும் வழியுண்டு. அதற்குக் குறுக்குத் தொகுப்பு என்று பெயர்.

இதனால் நமக்கு என்ன பயன்? 2006 அளவில் வந்த இன்டெல் சிப்புகளுக்கும் குரோகஸ் என்ற டிரைவர் 2021இல் மெசாவில் சேர்க்கப்பட்டது. பதினைந்து வயதான சிப்புக்குப் புது டிரைவர்! இதனால் பழைய கணினி புதியதின் வேகத்தைப் பெறாது. ஆனால் கட்டுரை எழுதவும், பாடம் பார்க்கவும், நிரலாக்கம் பழகவும் அது போதும். மகளுக்கு ஒரு கணினி வாங்க முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல.

ஆகவே பெற்றோர்களே, பழைய கணினியை இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை சோதியுங்கள். லினக்ஸ் பதிந்த பென்டிரைவிலிருந்து அதை இயக்கலாம். நிறுவாமல் இயக்கிப் பார்ப்பதால் உள்ளே இருக்கும் கோப்புகள் அழியாது. அமைப்புகளில் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். சிப்பின் பெயர் தெரிந்தால் டிரைவர் வேலை செய்கிறது. எல்எல்விஎம்பைப் என்று தெரிந்தால், சிப்பின் உதவியில்லாமல் கணினியின் மையச் செயலியே படத்தை வரைகிறது என்று பொருள். அப்போதும் படம் வரும், மெதுவாக வரும். எதை வீசுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.