காலி வீதியில் வரும் வேல்

ஆடி மாதத்தில் கொழும்பு செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயிலிலிருந்து முருகனின் வேல் தேரேறிப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகிறது. அங்கே சில நாள் தங்கிப் பூசை ஏற்று, வந்த வழியே திரும்புகிறது. இதுதான் ஆடிவேல் விழா. புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல் தாண்டி, கொள்ளுப்பிட்டியின் ஊடாகக் காலி வீதி நெடுக அந்தத் தேர் ஊர்ந்து போகும்போது, நகரத்தின் ஏறத்தாழ எல்லா இனத்தவரின் வாசலையும் கடந்து போகிறது. கோயில் மதிலுக்குள் நடக்கும் திருவிழாக்கள் இலங்கையில் ஏராளம். ஒரு சிறு வணிகச் சமூகத்தின் வழிபாடு தலைநகரின் பெருவிழாவாக வளர்ந்தது, அது பெருந்தெருவுக்கு வந்ததால்தான்.

விழாவின் வேர் கதிர்காமத்தில் இருக்கிறது. தீவின் தென்கிழக்கில், மாணிக்க கங்கைக் கரையிலுள்ள அந்தச் சந்நிதிக்கு இந்துக்களும் பௌத்தர்களும் காட்டு வழியே கால்நடையாகப் போய் வந்தார்கள். பெருங்கூட்டம் கூடும் இடத்தில் காலராவும் கூடியது. 1870களில் பிரித்தானிய அரசு யாத்திரிகரின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமம் போகமுடியாத, தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதே ஆடி உற்சவ காலத்தில் கொழும்பிலேயே வேலுக்கு விழா எடுத்தார்கள். முதல் விழா நடந்தது 1874இல் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. தேரில் திருவுருவத்துக்குப் பதில் வேல் எழுந்தருள்வது இலங்கையின் முருக வழிபாட்டுக்குப் பொருத்தமானதே. நல்லூரில் மூலவர் வேல்தான். கதிர்காமத்தில் கருவறையைத் திரை மறைக்கிறது. யானைமேல் வலம் வருவது பேழைக்குள் இருக்கும் யந்திரம்.

செட்டியார்களுக்குக் கொழும்பில் அப்போது இருந்த இடம் பெரிது. கோப்பித் தோட்டக்காரர்களும் உள்ளூர் வியாபாரிகளும் கடனுக்கு அவர்களைத்தான் நாடினார்கள். ஆங்கிலேய வங்கிகள் நேரடியாகப் பணம் கொடுக்கத் தயங்கிய இலங்கையருக்கு, அந்த வங்கிகளிடம் கடன் எடுத்துக் கொடுக்கும் இடையாளாகச் செட்டியார் நின்றார். தோட்டத் தொழிலாளருக்கு வேண்டிய அரிசி இறக்குமதியிலும் அவர்கள் கை இருந்தது. இன்று நகைக் கடைகள் வரிசையாக மினுங்கும் செட்டியார் தெருவில் அன்று அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. வியாபாரத்துக்குப் போன இடமெல்லாம் அவர்கள் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். இலாபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கென மகமையாக எடுத்து வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. பினாங்கின் வெள்ளி இரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கப்பலேறியது. அந்த இரண்டு ஊர்களிலும் தைப்பூசத்தையொட்டி இரதம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்த் திரும்புகிறது. கொழும்பில் நடப்பதும் அந்த முறைதான். கதிர்காமத்தை ஒட்டியதால் மாதம் மட்டும் ஆடியானது.

குடியேறிய மக்கள் தங்கள் சாமியையும் சாப்பாட்டையும் ஆட்டத்தையும் வீதிக்குக் கொண்டுவந்து ஊரைக் கூட்டுவது உலகெங்கும் காணப்படுவதே. கொழும்பில் அந்த வழக்கம் நூற்றைம்பது ஆண்டைத் தொட்டுவிட்டது.

தேர் நகரும் வேகம் மிகக் குறைவு. வழியில் ஒவ்வொரு கடை வாசலிலும் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, அர்ச்சனைத் தட்டோடு ஆட்கள் காத்து நிற்பார்கள். தேர் நிற்கும், தேங்காய் உடையும், கற்பூரம் காட்டித் திருநீறு கொடுத்தபின் மறுபடி நகரும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், அவற்றோடு காவடியும் போகும். காவடியின் அடிப்படை தோளில் பொருந்தும் ஒரு மரத்தண்டு. அதன்மேல் வில்லாக வளைத்த பலகை, பட்டுத் துணி, இரு முனையிலும் மயிற்பீலிக் கொத்து. பால்காவடியானால் இரு பக்கமும் சிறு செம்பில் பால் தொங்கும். இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தூக்கிவந்த இடும்பனின் கதையே இதற்கு ஆதாரம். ஆடுபவர் கையை விட்டுவிட்டுத் தோளாலும் பிடரியாலும் தண்டைச் சுழற்றுவார். தவில்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்தே வாசிப்பார். கால் விரைந்தால் அடியும் விரையும், ஆடுபவர் களைத்தால் நடை தளரும். அந்த இருவருக்கும் இடையிலுள்ள உடன்பாட்டைக் கவனித்து நிற்பதே விழாவில் கிடைக்கும் மிகப் பெரிய இன்பம்.

சாப்பாடு இல்லாமல் ஆடிவேல் இல்லை. வழியெங்கும் தாகசாந்தி நிலையங்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைக்கும். கோயிலில் அன்னதானமும் பிரசாதமும் உண்டு. முன்னாளில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியோரம் முழுதும் கடை விரியும். கரும்பு, கடலை, பொரி, பூந்தி, பனங்கட்டி, குவியலாகக் கண்ணாடி வளையல். சிங்களக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளையல் வாங்கவும் சைவக் கடைகளில் தோசை சாப்பிடவும் வந்தன. அவர்களுக்கு இந்த விழா வெறும் ‘வேல்’தான். வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணத்தவருக்கோ ஆடி மாதம் வீட்டு அடுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆடிப்பிறப்பன்று வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவார்கள். பக்கத்தில் கொழுக்கட்டை அவியும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காகப் பாடியது இந்தக் கூழைத்தான்.

இந்த விழாவுக்கு ஆழமான காயமும் உண்டு. 1983 ஜூலையில், ஆடி மாதத்திலேயே, தமிழருக்கெதிரான வன்முறை கொழும்பை எரித்தது. தேர் போகும் காலி வீதியில் தமிழர் கடைகளும் வீடுகளும் சாம்பலாயின. அதன்பின் சில ஆண்டுகள் வேல் வீதிக்கு வரவில்லை. செட்டியார்களில் பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே, சுதந்திரத்துக்குப் பிந்திய குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களின் நெருக்கடியால் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் கோயில்கள் நின்றன, தேரும் மறுபடி புறப்பட்டது. யார் கோயில், யார் சாமி என்று கேளாமல் வடம் பிடிக்கக் கை கொடுத்த கொழும்பு மக்களுக்கும் அதில் பங்குண்டு.

நாள் பஞ்சாங்கப்படி மாறும். பெரும்பாலும் ஜூலை பிற்பகுதியிலோ ஆகஸ்டிலோ வரும். கோயிலில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். செட்டியார் தெருவில் புறப்பாட்டைப் பார்க்க விரும்புவோர் காலையிலேயே போய்விட வேண்டும். கூட்ட நெரிசல் ஒத்துக்கொள்ளாத முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் காலிமுகத்திடலிலோ கொள்ளுப்பிட்டியிலோ நிற்பது நல்லது. அன்று காலி வீதியில் வாகனம் நகராது. கரையோர ரயிலில் வந்தால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய எந்த நிலையத்தில் இறங்கினாலும் சில நிமிட நடையில் காலி வீதியை அடையலாம்.