சுளுக்கா? உருவும் முன் பொறுங்கள்

மலேசியாவின் மேரு வட்டாரத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் சுமை தூக்கி இறக்குகிறவர்களுக்கு இடுப்புப் பிடிப்பும் தோள்வலியும் புதிதல்ல. லோரியிலிருந்து இறங்கும்போது கால் பிசகினால், முதலில் தேடுவது தைலப் போத்தலை. அடுத்துத் தேடுவது சுளுக்கு எடுக்கிறவரை. கைமருத்துவத்தின் மேல் நமக்குள்ள நம்பிக்கை வீணல்ல. ஆனால் அடிபட்ட அன்றே உருவினால் கேடு. உரிய நாளில் உருவினால்தான் மருந்து.

முதல் மூன்று நாள்

கணுக்கால் பிசகும்போது எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் இழுபடுகின்றன, சில வேளை கிழிகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து உள்ளே ரத்தம் கசிகிறது, வீக்கம் காண்கிறது. அப்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கையில் முரட்டுத்தனமாக உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடவும் வாய்ப்புண்டு.

ஆகவே முதல் 72 மணி நேரம் உருவலும் வேண்டாம், சுடு எண்ணெயும் வேண்டாம். எலாஸ்டிக் கட்டுப் போட்டு, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் உயர்த்தி வையுங்கள். வலி தாங்கவில்லையென்றால், ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வரை ஒற்றலாம்.

எக்ஸ்ரே எப்போது?

கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதி ஒன்று பல நாட்டு அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முறிந்த எலும்பின் மேல் கை வைத்து உருவினால், அது இடம் விலகக்கூடும்.

கை செய்யும் வேலை

சித்த மருத்துவம் உருவுதலைத் தொக்கணம் என்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலான ஒன்பது வகை. இங்கிலாந்தில் பிசியோதெரபி துறையும் மசாஜிலிருந்தே வளர்ந்தது. 1894-இல் நான்கு தாதியர் தொடங்கிய மசாஜ் சங்கமே அதன் வேர்.

தேர்ந்தவரின் கை எடுத்த எடுப்பில் அழுத்தாது. கெண்டைக்காலில் தொடங்கினால், உள்ளங்கையை முழுதாகப் பதித்துக் கீழிருந்து மேலாக மெல்ல நீவும். தசை இளகிய பிறகு பிசையும். முடிச்சுப் போலத் தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, அது தளரும் வரை பொறுத்திருக்கும். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உடற்பயிற்சி செய்த 11 இளைஞர்களின் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து தசையைச் சோதித்தார்கள். அழற்சியைத் தூண்டும் குறிகள் அந்தக் காலில் குறைந்திருந்தன. மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

யாரிடம் போவது?

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் பெயர் பெற்றவை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் குர்னி பயிற்சி மையமும் அங்கேதான் இருக்கிறது. மசாஜைத் தொழிலாகக் கற்றுத் தருகிறது. சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய மருத்துவம், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டத்துக்குள் வருகிறது. பயிற்சியும் பதிவும் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். எப்படி அடிபட்டது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்காமல் கை வைப்பவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

கூடவே கூடாது

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே போக வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எண்ணெயின் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உருவிய பிறகு

மசாஜ் வலியைத் தணிக்கும்; இழந்த பலத்தைத் தராது. வலி அடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். இதை விட்டால் அதே கால் மறுபடியும் பிசகக்கூடும்.

வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டால், முதலில் கிளினிக்குக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்று கையில் இல்லையென்றால் உரிமைத் தொகை பெறுவது கடினம். சுளுக்கு எடுக்கிறவர் வீட்டுக்கு நான்காம் நாள் போனாலும் தாமதமில்லை. டாக்டரிடம் முதல் நாளே போய்விடுங்கள்.