சாவிக்கொத்து வைத்திருப்பவரைக் கண்காணிப்பது

ஒரு நிறுவனத்தின் சர்வருக்குள் யார் எப்போது நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எதை அழித்தார் என்ற விவரங்கள் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டில் தானாகவே பதிவாகும்படி அமைக்கலாம். அந்தப் பதிவேட்டைப் படிக்கவும் வேண்டாத வரியை நீக்கவும் உரிமை உள்ளவர் நெட்வொர்க் நிர்வாகி. அவர்மீதே நாசவேலைச் சந்தேகம் எழுந்தால், மற்ற ஊழியர்களைக் கண்காணிக்கும் வழிகள் உதவுவதில்லை. புதிதாக ஒரு வேவு மென்பொருளை நிறுவினாலும் முதலில் அவர் கண்ணில்தான் அது படும்.

1996-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒமேகா இன்ஜினியரிங் நிறுவனத்தில் நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. நாசாவுக்கும் அமெரிக்கக் கடற்படைக்கும் அளவீட்டுக் கருவிகள் செய்து கொடுத்த நிறுவனம் அது. அதன் நெட்வொர்க்கை உருவாக்கிய டிம் லாயிட், 11 ஆண்டுப் பணிக்குப் பிறகு ஜூலை 10 அன்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஜூலை 31 காலையில் ஊழியர் ஒருவர் வழக்கம்போல் சர்வரில் நுழைந்தார்; இயந்திரங்களை இயக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரல்கள் அழிந்துபோயின. பேக்கப் நாடாவும் காணவில்லை.

குறித்த தேதி கடந்தபின் யார் நுழைந்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஆறு வரிக் கட்டளை சர்வரில் இருந்தது. இத்தகைய கண்ணியை ‘லாஜிக் பாம்’ என்பார்கள். அதே கட்டளையை லாயிட் சில மாதங்களுக்கு முன்பே மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்ததும் விசாரணையில் தெரிந்தது. நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பு. 80 பேர் வேலை இழந்தனர். லாயிடுக்கு 2002-ல் 41 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஒத்திகைகள் நடந்தபோது அவர் வேலையில்தான் இருந்தார். ஆகவே நிர்வாகியைக் கண்காணிக்கும் ஏற்பாடு அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் உண்டான நொடியிலேயே, அவருக்கு அனுமதி இல்லாத வேறொரு சர்வருக்கு நகலாகப் போய்விட வேண்டும். மூலத்தை அழித்தாலும் நகல் நிற்கும். அழித்த செயலும் அதில் பதிவாகும். முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கு ஒன்றையே பலர் பகிர்ந்தால் செய்தவர் யாரென்று சொல்ல முடியாது என்பதால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தேவை. முக்கியக் கோப்புகளும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளும் மாறினால், மென்பொருள் அதை இன்னொரு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பேக்கப்பின் ஒரு பிரதி வேறொருவர் பொறுப்பில் இருப்பதும், அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அவசியம்.

கிடைத்த பதிவுகளைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். கோப்பை அழிப்பது, இணைப்பைத் துண்டிப்பது, நள்ளிரவில் உள்ளே வருவது எல்லாம் நிர்வாகியின் அன்றாட வேலைகளே. எந்த மாற்றத்தை யார் கேட்டு, யார் ஒப்புதலோடு செய்தார் என்ற வேலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் காரணமில்லாத செயல் தனித்துத் தெரியும்.

நாசம் எதுவும் நிகழாமலேயே நெருக்கடி வரலாம் என்பதை சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் 2008-ல் உணர்ந்தது. நகரின் ஃபைபர்வான் நெட்வொர்க்கைக் கவனித்த டெர்ரி சைல்ட்ஸ், பாஸ்வேர்டுகளைத் தர மறுத்துச் சிறை சென்றார். நெட்வொர்க் தடையின்றி ஓடியது. ஆனால் அதைக் கட்டுப்படுத்த வேறு எவராலும் முடியவில்லை. சிறைக்கு வந்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டுமே அவர் பாஸ்வேர்டுகளைக் கொடுத்தார். 2010-ல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பாஸ்வேர்டுகளின் ஒரு பிரதி முத்திரையிட்ட உறையில் மேலாளரின் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சந்தேகம் வலுத்தால் சட்ட ஆலோசகருடனும் மனிதவளத் துறையுடனும் கலந்தாலோசித்து, வெளி நிபுணரைக் கொண்டு விசாரிப்பது முறை. நிபுணர் வட்டுகளை அப்படியே பிரதி எடுத்து, பிரதியில் மட்டுமே ஆய்வு செய்வார். மூலத்தைத் தொட்டால் சாட்சியத்தின் மதிப்பு குறையும். வேலைநீக்க முடிவு தெரிவிக்கப்படும் நேரத்திலேயே நிர்வாகியின் எல்லா அணுகல்களும், தொலைவிலிருந்து நுழையும் வழிகள் உட்பட, நிறுத்தப்பட வேண்டும். அடுத்து, நேரம் குறித்து வைத்த கட்டளைகளையும் பெயர் தெரியாத கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். லாயிடின் ஆறு வரிகள் அவர் வெளியேறி மூன்று வாரங்கள் சர்வரில் காத்திருந்தன.