ஆண் வேலை, பெண் வேலை: குழந்தைகள் எங்கே கற்கிறார்கள்?

பிறந்த குழந்தைக்குத் தான் ஆணா பெண்ணா என்று தெரியாது. சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்த கணத்திலிருந்து தூக்கும் விதம், கொஞ்சும் சொல், வாங்கித் தரும் பொருள் எல்லாமே மாறத் தொடங்குகின்றன. ஆண் உடலுக்கும் பெண் உடலுக்கும் உள்ள வேறுபாடு இயற்கை தந்தது. ஆனால் சமைப்பது யார், சம்பாதிப்பது யார், யார் அழலாம், யார் இருட்டிய பிறகு வெளியே போகலாம் என்பதெல்லாம் சமூகம் வகுத்தவை. இவையே பாலினப் பாத்திரங்கள். "ஆண் என்றால் இப்படித்தான், பெண் என்றால் இப்படித்தான்" என்று ஆளைப் பார்க்காமலே எடுக்கும் முடிவு பாலின முன்முடிவு.

இந்த முன்முடிவு முதலில் இருப்பது பெரியவர்களின் கண்ணில். 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படக்காட்சியைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழுவதைக் கண்டு குழந்தை அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்றார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் பயம் என்றார்கள். குழந்தையும் ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், பதினோரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று தாய்மார்களிடம் கேட்கப்பட்டது. மகன் உள்ளவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள், மகள் உள்ளவர்கள் குறைத்துச் சொன்னார்கள். இறக்கிப் பார்த்தபோது ஆண், பெண் குழந்தைகளின் திறனில் வேறுபாடே இல்லை.

பெரியவர்களின் எதிர்பார்ப்பு எப்படிக் குழந்தையின் குணமாகிறது என்பதை 1985இல் பெவர்லி ஃபேகட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளின் விளையாட்டுக் குழுக்களை அவர்கள் கவனித்தபோது, இரு பாலரும் ஒரே அளவில்தான் முரண்டு பிடித்தார்கள், ஒரே அளவில்தான் பேச முயன்றார்கள். ஆனால் பையன் கத்தினாலோ பிடுங்கினாலோ ஆசிரியை திரும்பிப் பார்த்தார். பெண் குழந்தை மெல்லத் தொட்டோ சைகை காட்டியோ அழைத்தால் திரும்பிப் பார்த்தார். இரண்டு வயதை நெருங்கும்போது பையன்கள் அதிகம் முரண்டு பிடிப்பவர்களாகவும், பெண் குழந்தைகள் ஆசிரியையிடம் அதிகம் பேசுபவர்களாகவும் மாறியிருந்தார்கள். விளையாட்டு விருப்பம் போன்ற சிலவற்றில் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஆண்டுக்குள் முளைத்த இந்த வேறுபாட்டில் வளர்ப்பின் கை நன்றாகவே தெரிகிறது.

குழந்தையும் சும்மா இருப்பதில்லை. மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தங்களை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தெரிந்துகொள்கிறார்கள். அது மாறாது என்பது மட்டும் அப்போது பிடிபடுவதில்லை. முடியை வெட்டினால் அக்கா அண்ணனாகிவிடுவாள் என்று நம்பும் வயது அது. ஆறு, ஏழு வயதில்தான் நிலையான புரிதல் வருகிறது என்று 1966இல் லாரன்ஸ் கோல்பெர்க் விளக்கினார். தான் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும், அந்தப் பக்கத்துக்கான விதிகளைக் குழந்தை தானே தேடிச் சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்த விதிகளின் தொகுப்பு வழியாகவே பிறகு உலகத்தைப் பார்க்கிறது என்றார் சாண்ட்ரா பெம் (1981). ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கறாராக "இது பொண்ணுங்க விளையாட்டு" என்று தீர்ப்புச் சொல்வது இதனால்தான்.

அந்த விதிகள் வீட்டில் கொட்டிக் கிடக்கின்றன. விருந்தாளி வந்தால் தண்ணீர்ச் சொம்பு மகள் கைக்குப் போகிறது. கடைக்கு ஓடுவது மகன். சாப்பிட்ட தட்டை அவன் அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் எடுத்துக் கழுவுவது தங்கையாக இருந்தாலும் அவள்தான். "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதடா" என்ற ஒரே அதட்டலில் மகனின் அழுகையும் மகளின் மதிப்பும் சேர்ந்து மிதிபடுகின்றன. "இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்பதைக் கேட்டே வளரும் சிறுமி, பிறந்த வீட்டிலேயே தான் விருந்தாளி என்று படித்துக்கொள்கிறாள். ஆனாலும் சொல்லைவிடப் பார்ப்பதே ஆழமாகப் பதிகிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஆணும் பெண்ணும் சமம் என்று அப்பா எவ்வளவு சொன்னாலும், குழந்தை தினமும் காண்பது இந்தக் கணக்கைத்தான்.

தமிழ் வீடுகளில் பூப்பு இந்தக் கற்றலில் ஒரு திருப்பம். மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு பல சிறுமிகளுக்குத் தெரு சுருங்கிவிடுகிறது: சைக்கிள் நிற்கிறது, விளையாட்டு நிற்கிறது, சிரிப்பைக் கூட அளக்கச் சொல்கிறார்கள். அதே வயதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஊர் விரிகிறது. அதுவரை ஒன்றாக ஓடியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

விளையாட்டுப் பொருளும் கற்றுத் தருகிறது. சொப்புச் சாமான் வீட்டுக்குள் உட்கார வைக்கிறது, கிரிக்கெட் மட்டை தெருவுக்கு அனுப்புகிறது. இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்பது 20ஆம் நூற்றாண்டில் மேற்கத்திய வணிகம் நிலைநிறுத்திய வழக்கம். பாட்டியின் பழஞ்சேலையில் தூளி கட்டிய வீடுகளில் அந்தப் பேச்சே இருந்ததில்லை. 1992இல் கணக்கு வகுப்பு கடினம் என்று பேசும் பார்பி பொம்மை ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்து கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது.

பள்ளியில் பிரிவினை இன்னும் முறைப்படி நடக்கிறது. பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை; விழாவென்றால் பெஞ்சு தூக்க மாணவர்கள், கோலம் போட மாணவிகள். வகுப்பை நடத்த ஆசிரியர் ஆண், பெண் என்ற பிரிவைப் பயன்படுத்தும்போதே பிள்ளைகளின் முன்முடிவுகள் வலுக்கின்றன என்பதை ரெபெக்கா பிக்லர் 1995இல் காட்டினார். பாடநூல்களில் மாற்றம் மெல்ல வருகிறது: கேரளம் 2024இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் சமையலறையில் தேங்காய் துருவும் அப்பாவின் படம் இடம்பெற்றது.

இத்தனையும் சேர்ந்து என்ன செய்கின்றன? லின் பியானும் அவர் குழுவினரும் 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு மனத்தை உறுத்துவது. மிக மிகக் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் ஐந்து வயதில் சிறுவன் ஆணையும் சிறுமி பெண்ணையும் சுட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகளிடம் அந்த நம்பிக்கை குறைந்துவிடுகிறது. கெட்டிக்காரர்களுக்கான விளையாட்டு என்று சொன்னால் ஆர்வம் காட்டாமல் ஒதுங்கவும் செய்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே இது நடந்து முடிகிறது. சிறுவர்கள் இழப்பதும் குறைவில்லை: பயத்தையும் துக்கத்தையும் சொல்லத் தெரியாமல் வளர்பவனுக்குக் கோபம் ஒன்றே மிஞ்சுகிறது.

கற்றதை மாற்ற முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதன் விளைவை மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் ஆராய்ந்தார்கள். நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூப்லோவும் பங்கேற்ற அந்த ஆய்வு 2012இல் வெளியானது. இரண்டு தேர்தல் காலம் பெண் தலைமையைக் கண்ட கிராமங்களில், வளரிளம் பிள்ளைகளின் எதிர்கால ஆசைகளில் ஆண், பெண்ணுக்கு இடையே இருந்த இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது. படிப்பில் இடைவெளி மறைந்தே போனது. சிறுமிகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது. பெண்களுக்குப் புதிய வேலைவாய்ப்பு எதுவும் வந்துவிடவில்லை. ஒரு பெண் ஊரை நடத்துவதைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றில் ஏறத்தாழப் பாதியில் இரண்டரை ஆண்டுக்குப் பாலினச் சமத்துவம் பற்றிய வகுப்புகளை நடத்திப் பார்த்தார்கள். மாணவர்களின் எண்ணம் மாறியது, வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அது நிலைத்தது. நடத்தையில் கூடுதல் மாற்றம் தெரிந்தது பையன்களிடம். வீட்டு வேலையில் முன்பைவிட அதிகம் கைகொடுப்பதாகச் சொன்னார்கள். சிறுமிகளின் எண்ணம் மாறிய அளவுக்கு நடத்தை மாறவில்லை. வெளியே போவது, நினைத்ததைச் செய்வது போன்ற முடிவுகள் அவர்கள் கையில் இல்லை என்பதே ஆய்வாளர்கள் கருதிய காரணம். அந்த முடிவுகளை எடுக்கும் பெற்றோர்தான் அடுத்து மாற வேண்டியவர்கள்.