'ஹவுசு' திரைப்படமும் காண்போர் கருத்தும்

ஒரே காட்சியைக் கண்ட இருவருள் ஒருவர் நகைப்பதும் மற்றவர் நடுங்குவதும் உலகியலில் உண்டு. ஒருவரே ஒரே நொடியில் நகைத்தும் நடுங்கியும் நிற்றல் அரிது. அவ்வரிய நிலையை எழுப்பும் படங்களுள் ஒன்று, நொபுஹிகோ ஓபயாஷி (1938–2020) என்னும் ஜப்பானிய இயக்குநர் ஆக்கிய 'ஹவுசு' என்பதாம். தோஹோ நிறுவனத்தார் இதனை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கதை எளியது. கோடை விடுமுறையில் மாணவியர் எழுவர், அவருள் ஒருத்தியின் தாயுடன் பிறந்தாள் தனித்து வாழும் நாட்டுப்புற வீட்டிற்குச் செல்கின்றனர். வீடு அவர்களை ஒருவர்பின் ஒருவராக விழுங்குகின்றது. பியானோ ஒருத்தியை விரல் தொடங்கி உண்கின்றது; தர்ப்பூசணியைக் குளிர்வித்த கிணற்றினின்று தோழியின் தலை எழுகின்றது. இவ்வச்சங்களுட் பல இயக்குநரின் சிறு மகள் கூறியவை என்பது கருதத்தக்கது.

படம் வெளிவந்த ஞான்று திறனாய்வாளர் பலர் இதனை இகழ்ந்தனர். இளையோரோ விரும்பிக் கண்டனர். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டபோது புதியதொரு கூட்டம் இதனைப் போற்றலாயிற்று. இகழ்வோர் கூறும் குறை, தந்திரக் காட்சிகள் பொய்யெனப் புலப்படுகின்றன என்பதே. இக்குறை பொருந்துவதன்று. ஓபயாஷி விளம்பரப் படங்களிற் பல்லாண்டு பயின்றவர். மெய்போலக் காட்டும் திறம் அறியாதவர் அல்லர். குழந்தையின் அச்சத்தைக் குழந்தையின் கைவினை போலவே காட்ட அவர் விரும்பினார் என்க.

ஈண்டுத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணை செய்கின்றது. அச்சத்திற்கு நிலைக்களனாக முதற்கண் வைக்கப்பட்டது அணங்கு, மருட்கைக்குப் புதுமை, நகைக்குரிய நான்கனுள் இளமையும் பேதைமையும் அடங்கும். செய்யுளுக்குரிய இலக்கணத்தைத் திரைப்படத்திற்கு ஏற்றலாமோ எனின், பேராசிரியர் மெய்ப்பாட்டைக் கூத்தொடு இயைத்து விளக்கலின் ஏற்றல் தகும். இப்படத்தில் அணங்கும் இளமையும் ஒரே காட்சியில் நிற்றலின் நகையும் அச்சமும் ஒருங்கே பிறக்கின்றன. 'விளங்கவில்லை, ஆயினும் மறக்க இயலவில்லை' என்பார் கருத்து மருட்கையின்பாற் படும்.

ஆயினும் இவற்றின் அடியில் அழுகை உளது. பெரும்பாலோர் கருத்துரையில் இஃது இடம்பெறாமை வியப்பே. அவ்வீட்டுப் பெண்டு போருக்குச் சென்று மீளாத காதலனுக்காகக் காத்திருந்து மாய்ந்தவள். இழவே அவளை அணங்காக்கிற்று. அவள் உண்பதும் மணமாகா மகளிரையே. ஓபயாஷி ஹிரோஷிமா மாவட்டத்து ஓனோமிச்சியிற் பிறந்தவர். 1945 ஆகஸ்டு 6இல் அணுகுண்டு வீழ்ந்தபோது அவர்க்கு அகவை ஏழு.

அப்பெண்டின் பழங்கதையை மாணவியர் பேசிச் செல்லும் பகுதி பழைய ஊமைப்படம் போல அமைந்துளது. அதனிடையே அணுகுண்டின் புகைமுகில் தோன்றுகின்றது. அதுகண்ட ஒருத்தி, அது பஞ்சுமிட்டாய் போல் உளது என்கின்றாள். கூற்றிற் கொடுமை இல்லை, அறியாமையே உளது. போரறியாத் தலைமுறையின் பேதைமையை இதனினும் சுருங்கக் கூறல் அரிது. காண்போர் பலர் இவ்விடத்தும் நகைக்கின்றனர். அம்மாணவியரை வீடு விழுங்கத் தொடங்குவது இதற்குப் பின்னரே.