புல்லட்டுக்குள்ளே ஒரு வடிகட்டி

நம்ம ஊர் ரோட்டில் 'டப் டப்'னு சத்தம் போட்டுக்கிட்டு புல்லட் போனா எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். அந்த வண்டியின் வயிற்றுக்குள்ளே நம்ம கை விரல் தடிமனுக்கு அமுக்கின கம்பளி ஒன்று இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் ஆயில் ஃபில்டர். என் மாமா மெக்கானிக். பழைய புல்லட்டுகளுக்கு இந்த ஃபில்டரைத் தேடி அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியின் பூர்வீகம். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-இல் அந்தப் பெயரை வைத்தது. நம் ராணுவம் எல்லையில் ஓட்டுவதற்காக 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதன்பிறகு 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கேயே கம்பெனி ஆரம்பித்தார்கள். சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இதில் வேடிக்கை என்னன்னா, 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். 1970-இல் இங்கிலாந்து கம்பெனியே முடிந்துபோனது. ஆனால் அதே பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் திருவொற்றியூரில் அதன்பிறகும் பல வருஷம் வந்துகொண்டே இருந்தது. 1977 முதல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு புல்லட் அனுப்பினார்கள்! தாய் வீட்டுக்கே சீர் அனுப்பின மாதிரி.

சரி, ஃபில்டருக்கு வருவோம். அந்தப் பழைய எஞ்சினில் எண்ணெய்க்குத் தனி டேங்க் கிடையாது. எஞ்சினின் அடிக்கூட்டிலேயே பின்பக்கம் ஒரு அறை. அதில் சுமார் 2.25 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். இரண்டு பம்புகள். ஒன்று எண்ணெயை அனுப்பும், இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். அனுப்புகிற எண்ணெய், வலதுபக்கம் இருக்கும் டைமிங் கவருக்குள்ளே குழாய் மாதிரி ஒரு அறையில் உள்ள ஃபில்டர் வழியாகப் போய், கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருக்கும் புஷ்ஷுக்குச் சேரும். அந்த புஷ்ஷும் கிராங்கும் நேராக உரசாமல் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கணும். எண்ணெயில் இரும்புத்தூள் கலந்தால் படலம் கிழிந்து புஷ் தேயும். எண்ணெயே வராமல் போனா சில நிமிஷத்திலேயே கதை முடிஞ்சிரும்.

போன வருஷம் பால் ஊத்துகிற அண்ணன் ஒருத்தருக்கு அதுதான் நடந்தது. அவர் வண்டி 1980-களில் வந்தது. வேறொரு ஊர் பட்டறையில் ஃபில்டர் மாற்றினார்கள். ஃபில்டரைக் கழற்றினால் அந்த அறையில் இருந்த எண்ணெய் கொட்டிப்போகும், காற்று புகுந்துவிடும். பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அந்த அறை நிறைய நேரமாகும். அதுவரை புஷ்ஷுக்கு எண்ணெய் கிடையாது. அவர்கள் எண்ணெய் நிரப்பாமலே ஸ்டார்ட் பண்ணி, முறுக்கிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். கேனோடு வரும் வழியிலேயே எஞ்சினில் 'டக் டக்'னு வேற சத்தம். எஞ்சினை முழுசாப் பிரிச்சுதான் சரி பண்ண முடிந்தது. இரண்டு வாரம் சைக்கிளில் பால் ஊத்தினார். அந்த மாசத்துப் பால் பணம் அத்தனையும் வண்டிக்கே போச்சு.

மாமா பிரிச்சுப் பார்த்தப்போ இன்னொன்றும் தெரிந்தது. போட்டிருந்த ஃபில்டர் கொஞ்சம் குட்டை. குட்டையா இருந்தா என்ன ஆகும்? டீ வடிகட்டி டம்ளர் வாயை விடச் சின்னதா இருந்தா தூள் ஓரத்து வழியா இறங்கும் இல்லையா, அதே கதைதான். எண்ணெய் கம்பளிக்குள்ளே போகாமல் பக்கத்து இடுக்கு வழியாகவே ஓடிவிடும். ஃபில்டர் இருக்கு, ஆனா இல்லை!

கடையில் போய் "புல்லட் ஃபில்டர் குடுங்க"ன்னு மட்டும் கேட்டா கிடைப்பது பேப்பர் ஃபில்டர். ஏன்னா 2008-க்குப் பிறகு வந்த புது எஞ்சினில் அதுதான். அது பழைய எஞ்சினுக்குச் சேரவே சேராது. அதனால் "வார்ப்பிரும்பு எஞ்சின், ஃபெல்ட் ஃபில்டர்" என்று சொல்லிக் கேட்கணும். சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இல்லை என்பார்கள். மாமா சென்னை போகும்போது புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடுவார். பழைய ஃபில்டரைக் கவரில் சுத்தி கையோடு எடுத்துப் போவார். பக்கத்தில் வைத்து நீளம் பார்ப்பார், நடு ஓட்டை அளவு பார்ப்பார். அப்புறம் விரலால் கம்பளியை நிமிண்டிப் பார்ப்பார். நூல் நூலாகப் பிரிந்து வந்தால் வாங்கமாட்டார். வடிகட்டவேண்டியதே குப்பை போட்டா எப்படி? கடைக்காரர்கள் முறைப்பார்களாம், "ஒரு ஃபில்டருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா"ன்னு. மாமா கண்டுக்கமாட்டார். அவர் செய்வதுதான் சரி என்று நான் சொல்வேன்.

மாட்டும்போது ஸ்பிரிங், வாஷர் எல்லாம் கழற்றின வரிசையிலேயே பேப்பரில் அடுக்கி வைப்பார். அதுல ஒண்ணு மாறினாலும் எண்ணெய் ஓரமாப் போயிடும். புது கம்பளியை நல்ல எண்ணெயில் ஊறவைத்துத்தான் போடுவார். அறைக்குள்ளும் முடிந்தவரை எண்ணெய் நிரப்புவார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை நிறைய தடவை மிதிக்கணும். (அந்த வேலை எங்க அண்ணனுக்கு. எனக்கு உயரம் பத்தவில்லை.) கடைசியில் வண்டியை மெதுவாக ஓடவிட்டு, மேலே ராக்கருக்குப் போகிற குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். எண்ணெய் கசிந்தால் சுற்றி வருகிறது என்று அர்த்தம். கசியவில்லை என்றால் உடனே ஆஃப்.

ஃபில்டர் கிடைக்கும்போது மாமா மூணு நாலாக வாங்கி வைத்துவிடுவார். பால் அண்ணனுக்கு என்று ஒன்று தனியாக ஆணியில் தொங்குகிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி